பதினோரு சூப்பர்வைசர்கள்

லோடுமேனா? யாரு சார் சொன்னது?

எங்க வீட்டுக்காரவுகளேவா? ஆஸ்பத்திரியில வச்சா? அதான பாத்தேன். ஆபரேசன் முடிஞ்ச மறுநாளா இருக்கும். அன்னைக்கு அவுக என்னையே யாருன்னு கேட்டாவ சார். பெத்த மக பேரை மாத்திச் சொன்னாவ. அந்த மயக்கத்துல சொன்னதைப் போயி எழுதி வச்சிருக்கிய. அதை அடிச்சிருங்க. உச்சிமாகாளி, வயசு நாப்பத்தாறு, வேலை சூப்பர்வைசர். கம்பெனிக் காயிதத்துலயும் அப்படித்தான இருக்கு? பெறவு என்ன சந்தேகம்?

உக்காருங்க சார். அந்தச் சேர் ஆடும், இதுல உக்காருங்க. இன்சூரன்ஸ் ஆபீஸ்லேருந்து விசாரிக்க ஆளு வரும்னு மேனேஜர் வரதராஜன் சார் முந்தாநாளே போன் பண்ணிச் சொல்லிட்டாரு. "அவரு என்ன வேலை பாத்தாருன்னுதாம்மா கேப்பாங்க, உள்ளதைச் சொல்லுங்க"ன்னாரு. உள்ளதைத்தான் சொல்லப்போறேன். அவரு சொல்லிக் குடுத்துச் சொல்லுதேன்னு நெனைக்காதிய. அவரு போன் பண்ணாட்டாலும் நான் இதைத்தான் சொல்லுவேன். என் பேரு செல்வக்கனி. பத்தாவது பாஸ். அவுக உள் ரூம்ல படுத்திருக்காவ. நாம பேசுறது கேக்கும். கேக்கட்டும், தப்பா என்ன சொல்லப்போறேன்?

அந்த யார்டுக்கு நீங்க போயிருப்பிய. நான் போனதில்ல. உப்பளம் தாண்டி, துறைமுகம் போற ரோட்டுல இருக்குன்னு தெரியும். கப்பல்ல வர்ற கன்டெய்னரை அங்கன கொண்டுவந்து பிரிச்சு, சரக்கை ஷெட்டுல அடுக்கி, பெறவு லாரியில ஏத்தி விடுறது. முந்திரிக்கொட்டை மூட்டை வரும், மரம் வரும், வெளிநாட்டுப் பழைய பேப்பர் வரும். அந்தப் பேப்பரை அமுக்கிக் கம்பி போட்டுக் கட்டியிருப்பாங்களாம், ஒரு கட்டு பீரோ தண்டிக்கு. பேல்னு சொல்லுவாவ. ஒண்ணு அறுநூறு எழுநூறு கிலோ.

அங்கன இருபத்திரண்டு வருஷம் சார். முதல்ல லோடுமேன்தான். அதை நான் மறைக்கல. போன மாசி வரைக்கும் லோடுமேன், மாசிக்குப் பெறவு சூப்பர்வைசர். அடிபட்டது ஐப்பசியில. அப்போ அவுக யாரு? சூப்பர்வைசர். இதுல குழப்பமே இல்ல.

உங்களுக்கு இது ஒரு வார்த்தை. எனக்கு அப்படியில்ல. இருங்க, ஒண்ணு காட்டுதேன்.

இந்தா பாருங்க, இது எங்க அக்கா மூத்த மகன் கல்யாணப் பத்திரிகை. நாலு வருஷத்துக்கு முந்தி அடிச்சது. கீழ பேரு வரிசை இருக்குல்லா? எங்க பெரிய அத்தான், மின்வாரியம். நடு அத்தான், ஆசிரியர். கடைசியில உச்சிமாகாளி. பக்கத்துல ஒண்ணுமில்ல. வெறும் வெள்ளை. லோடுமேன்னு அச்சடிக்க எங்க அக்காவுக்குக் கூச்சம். அடிக்கலையேன்னு கேக்க எனக்குக் கூச்சம். பந்தியில சோறு இறங்கல சார் எனக்கு அன்னைக்கு. அவுக என்னமோ ரெண்டாவது தடவ பாயசம் வாங்கிக் குடிச்சாவ. அவுகளுக்கு அதெல்லாம் தைக்காது.

இதைப் பாருங்க, இது போன வைகாசி. அக்கா ரெண்டாவது மகன் கல்யாணம். உச்சிமாகாளி, சூப்பர்வைசர். நாலு பேரு பாக்க அச்சுல வந்திருக்கு. நீங்க வேணும்னா இதை ஒரு போட்டோ எடுத்துக்கிடுங்க. இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?

எப்படி ஆனாவன்னு கேக்கியளா? சொல்லுதேன்.

மாசி மாசம் ஒருநா கம்பெனியில எல்லாரையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டிருக்காங்க. உங்க ஆபீஸ்ல இன்சூரன்ஸைப் புதுப்பிக்கிற நேரமாம். லோடு தூக்குறவனுக்கு ஒரு ரேட்டு, மேசையில உக்காந்து எழுதுறவனுக்கு ஒரு ரேட்டு, நின்னு மேப்பார்வை பாக்கிறவனுக்கு ஒரு ரேட்டு. இது உங்களுக்குத் தெரியாததா? லிஸ்ட்டுல லோடுமேன் எண்ணிக்கை கூடுனா கம்பெனி கட்டுற தொகையும் கூடும். "நம்ம லிஸ்ட்டுல லோடுமேன் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு, குறைக்கணும்"னு மேனேஜர் சொல்லியிருக்காரு. எல்லாரும் வேலையை விட்டுத் தூக்கப்போறாங்கன்னு பயந்து நின்னாவளாம். அவரு யாரையும் அனுப்பல சார். ஒருத்தரைக்கூட அனுப்பல. நல்லா வேலை செய்றவங்களைப் பாத்து சூப்பர்வைசர் ஆக்கிட்டாரு. மொத்தம் பதினாலு பேரு. அதுல பதினோரு பேரு சூப்பர்வைசர்.

அவுக வந்து சொல்லும்போது சிரிச்சாவ. "மூணு லோடுமேனை பதினோரு பேரு நின்னு மேய்க்கணுமாம் கனி"ன்னாவ. எனக்குக் கோவம் வந்துட்டு. ஒரு நல்லது நடந்தா அதை நல்லதுன்னு எடுத்துக்கிடத் தெரியணும்லா? இருபத்திரண்டு வருஷம் கழிச்சு ஒரு மரியாதை வந்திருக்கு, அதையும் கேலி பண்ணுனா எப்படி?

நீலக் கலர்ல சட்டை குடுத்தாங்க, பாக்கெட்டுல சூப்பர்வைசர்னு நூல் வேலை. ஒரு விசில் குடுத்தாங்க. ஹெல்மெட்டு, மஞ்சக் கலர் ஜாக்கெட் எல்லாம் உண்டு. அதையெல்லாம் பாதுகாப்பு வாரம்னு ஒண்ணு கொண்டாடுவாங்க, அப்போ எடுத்துக் குடுப்பாங்க. போட்டோ எடுத்துட்டு மறுபடி வாங்கி ஸ்டோர் ரூம்ல வச்சுப் பூட்டிருவாங்க. சாமானைப் பத்திரமா வச்சிருக்கிற கம்பெனி.

காயிதம்தான? ஆமா, ஒரு காயிதம் குடுத்தாங்க. உங்க கையில இருக்கே, அதேதான். சூப்பர்வைசர்னா தரையில போட்டிருக்கிற மஞ்சக் கோட்டுக்கு வெளியதான் நிக்கணும், சரக்கைத் தொடக்கூடாது, மீறித் தொட்டா கம்பெனி பொறுப்பில்லைன்னு போட்டிருக்கும். அவுக அதைக் கையெழுத்துப் போடாம வீட்டுக்குக் கொண்டுவந்து டிவிக்கு அடியில மூணு நாள் வச்சிருந்தாவ. போகும்போது பாப்பாவ, வரும்போது பாப்பாவ. "சரக்கைத் தொடாம அங்கன யாரு சரக்கை எறக்குவா கனி? மூணு பேரா?"ன்னு கேட்டாவ. நான் சொன்னேன், "அது கம்பெனி பாடு, நீங்க போடுங்க"ன்னேன். மூணாம் நாள் நான்தான் பேனாவை எடுத்துக் கையில குடுத்தேன். இல்லைன்னா இன்னைய வரைக்கும் டிவிக்கு அடியிலதான் கிடந்திருக்கும்.

பெறவு எட்டு மாசம். எட்டு மாசமும் எனக்கு நிம்மதி சார். அந்த நீலச் சட்டை பாத்தியள்னா, கடையில வாங்குன மாதிரியே இருக்கும். ஒரு சொட்டு அழுக்கு கிடையாது. போகும்போது போட்டுட்டுப் போவாவ, உள்ள போயி கழட்டி மடிச்சு டிபன் பையில வச்சிருவாவ, வரும்போது மறுபடி போட்டுட்டு வருவாவ. உள்ள எல்லாம் பழைய பனியன்தான். அந்தப் பனியனைத் துவைக்கத்தான் என் சீவன் போகும். துரு, பேப்பர்த் தூசி, கம்பி கீறுன கிழிசல், சில நாள் ரத்தம். தோள்பட்டைக்குத் தைலம் தேச்சு விடணும் தெனமும். சும்மா நிக்கத் தெரியாத மனுசன் சார். வேலையைக் கண்டா கை சும்மா இருக்காது. அது அவுக குணம், அதுக்குக் கம்பெனி என்ன செய்யும்?

எழுதிட்டியளா? குணம்னு எழுதுங்க. ஆமா.

பேல் அடுக்கைப் பத்திக் கேக்கியளா. அதுவும் தெரியும். பொரட்டாசி கடைசியில நல்ல மழை பெஞ்சுதுல்லா? மூணாவது ஷெட்டுல ஒரு மூலையில தரை இறங்கிட்டாம். மேல அஞ்சு அடுக்கு பேல். மூணுதான் வைக்கணுமாம், இடம் பத்தலைன்னு அஞ்சு வச்சிருக்காங்க. அடுக்கு கொஞ்சம் சாஞ்ச மாதிரி நிக்குதுன்னு அவுக வந்து சொன்னாவ. மறுநாளும் அதையே சொன்னாவ. கம்பி அறுந்தா டங்குன்னு ஒரு சத்தம் வருமாம். "இன்னைக்கு ரெண்டு தடவ கேட்டுது கனி"ம்பாவ. சாப்பிட்டுக்கிட்டே இருப்பாவ, அப்படியே கை நின்னுரும். தலையைச் சாச்சு எதையோ கேக்கிற மாதிரி இருப்பாவ. இங்க என்ன சத்தம் இருக்கு? பக்கத்து வீட்டு மிக்சி ஓடும், அவ்வளவுதான்.

எதுத்த வீட்டுல அப்போ கட்டட வேலை நடந்துது. சிமெண்டுக் கல்லை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தாங்க. எங்க மக பிருந்தா, ஒன்பதாவது படிக்கா, அந்த நிழல்ல உக்காந்து படிச்சுக்கிட்டு இருந்தா. அவுக வேலை முடிஞ்சு வந்தவுக, சைக்கிளைக் கீழ போட்டுட்டு ஓடிப்போயி அவ கையைப் பிடிச்சு இழுத்த இழுப்புல பிள்ளைக்குத் தோள் வீங்கிட்டு. தெருவே வேடிக்கை பாத்துது. ஒரு சூப்பர்வைசர் நடுத்தெருவுல நடந்துக்கிடுற முறையா அது? ரெண்டு நாள் நான் அவுகளோட பேசல.

மேனேஜர்கிட்ட சொன்னாவளான்னா, சொன்னாவ. "நீதான சூப்பர்வைசர், நோட்டுல எழுதி வை"ன்னாராம். அவுகளும் எழுதி வச்சாவ. தரை இறங்கியிருக்கு, அடுக்கு சாயுது, மூணுக்கு மேல வேண்டாம்னு. நாலு தடவ எழுதுனாவ. நாலு தடவயும் மேனேஜர் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காரு. அப்போ எவ்வளவு பொறுப்பை நம்பி ஒப்படைச்சிருக்காங்க பாருங்க. லோடுமேனை நோட்டுல எழுதச் சொல்லுவாங்களா?

அந்த நோட்டு காணோமா? மழைத்தண்ணியில போயிருக்கும் சார். ஷெட்டே ஒழுகுற ஷெட்டு.

கொம்பையா சொன்னானா உங்ககிட்ட? அவன் எல்லாம் சொல்லுவான். அவுக கூட வேலை பாக்கிறவன், அந்த மூணு லோடுமேன்ல ஒருத்தன். அடிபடுறதுக்கு நாலு நாளைக்கு முந்தி இந்த வாசல்ல வந்து நின்னான். "மதினி, தரையைச் சரி பண்ற வரைக்கும் மூணாவது ஷெட்டுக்குள்ள யாரும் போறதில்லைன்னு நாங்க பேசியிருக்கோம், அண்ணனையும் வரச் சொல்லுங்க"ன்னான். நான் முகத்துக்கு நேரா சொல்லிட்டேன். "அவுக சூப்பர்வைசர், உங்களோட சேந்து நிக்க மாட்டாவ"ன்னேன். அவன் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டுப் போயிட்டான். பொறாமை சார். கூட மூட்டை தூக்குனவன் மேல போயிட்டான்னா யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

அன்னைக்கா? அன்னைக்கு வெள்ளிக்கெழம. அவுக எந்திரிச்சு உக்காந்தவுக அப்படியே உக்காந்திருந்தாவ. "இன்னைக்கு வேண்டாம் கனி"ன்னாவ. காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. ஏழரை மணிக்கு மேனேஜர் போன். மூணு லாரி வந்து நிக்குது, மத்தியானத்துக்குள்ள பேலை ஏத்தி அனுப்பணும், மாகாளியை உடனே வரச் சொல்லுங்கன்னாரு. இவுக போனை எடுக்கவே இல்ல. நான்தான் எடுத்துப் பேசுனேன். "கிளம்பிட்டாவ சார், வந்துக்கிட்டே இருக்காவ"ன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல? மேனேஜர் நேரா கூப்பிடுற அளவுக்கு வந்த பெறவு படுத்துக் கிடந்தா நல்லாவா இருக்கும்? சட்டையை நான்தான் எடுத்துக் குடுத்தேன். இட்லி ரெண்டு சாப்பிட்டாவ. மகளை ஸ்கூலுக்கு அவுகளே கொண்டுபோயி விட்டாவ. என்னைக்கும் அப்படி விட மாட்டாவ.

பன்னெண்டு மணிக்கு கொம்பையா போன் பண்ணுனான். "அண்ணன் மேல பேல் விழுந்துட்டு, ஆஸ்பத்திரிக்கு வாங்க"ன்னான். என்ன கலர் சேலை கட்டியிருந்தேன், எப்படிப் போனேன், ஒண்ணும் தெரியாது சார்.

ரெண்டு பேலு. ஒண்ணு இடுப்புல, ஒண்ணு இடது காலுல. காலை எடுத்துட்டாங்க, உங்களுக்குத் தெரியும். அரை மணி நேரம் முந்திக் கொண்டுவந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. என்ன செய்ய? ரயில்வே கேட்டு அடைச்சிருந்திருக்கும்.

ஆனா ஒண்ணு சொல்லணும் சார். அந்த நேரத்துலயும் கம்பெனி மரியாதை குறையாம நடந்துக்கிட்டாங்க. ஸ்டெச்சர்ல அவுகளைக் கொண்டுவரும்போது நீலச் சட்டை போட்டிருந்தாவ. அத்தனை ரத்தம், அத்தனை பேப்பர்த் தூசி, சட்டையில ஒரு கிழிசல் கிடையாது. கழுத்து வரைக்கும் பட்டன் போட்டு விட்டிருந்தாங்க. பக்கத்துல ஹெல்மெட்டு. உங்க ஃபைல்லயும் அந்தப் போட்டோ இருக்கா? காட்டுங்க. ஆமா, இதுதான். பாருங்க, விழுந்து கிடக்கும்போதுகூட சூப்பர்வைசராத்தான் கிடக்காவ. நாலு பேரு பாக்கிற எடத்துக்குப் போறவுகளை பனியனோட அனுப்பக் கூடாதுன்னு யாருக்கோ தோணியிருக்கு பாத்தியளா?

அங்கன போகச் சொன்னது யாருன்னா, யாரும் சொல்லல. மேனேஜரே வந்து என்கிட்ட சொன்னாரு. "நான் எவ்வளவோ தடுத்தேம்மா, அவராத்தான் கடப்பாரையை எடுத்துக்கிட்டு அடுக்குக்கும் செவருக்கும் நடுவுல போனாரு"ன்னு. அவுக குணம்தான் சொன்னேனே. ஹார்லிக்ஸ், ஆரஞ்சு எல்லாம் வாங்கிட்டு வந்தாரு. ஆஸ்பத்திரியில முதல்ல கட்ட வேண்டியதைக் கம்பெனியே கட்டுச்சு. அதுமட்டுமில்ல, எங்க தம்பி லிங்கதுரைக்கு வேலை போட்டுக் குடுத்திருக்காரு. முப்பத்திரண்டு வயசு, போன வருஷம் உப்பளத்துல இருந்த வேலை போயி சும்மா இருந்தான், ரெண்டு சின்னப் பிள்ளைங்க. பதினோரு சூப்பர்வைசர்னு உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்குல்லா, எண்ணிக்கை குறையக் கூடாதாம். இந்தத் திங்கக்கெழம சேந்தான். இன்னைக்கு நாலாவது நாளு.

அதுலேருந்துதான் அவுக என்கிட்ட பேசுறதில்ல. செவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுதாவ. தன் எடத்துக்கு இன்னொருத்தன் வந்தா மனசு வலிக்கத்தான செய்யும், அது மச்சினனாவே இருந்தாலும்.

எழுதி முடிச்சாச்சா? வாசிங்க சார்.

"என் கணவர் சூப்பர்வைசராகப் பணிபுரிந்தார்." ஆமா. "சரக்கைக் கையாளுவது அவர் வேலை அல்ல." ஆமா. "சரக்கைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையை அறிந்து கையெழுத்திட்டிருந்தார்." ஆமா. "சம்பவத்தன்று யாரும் சொல்லாமல் தாமாகவே உள்ளே சென்றார்." ஆமா. நான் சொன்னதுதான். நல்லா எழுதியிருக்கிய. கோர்வையா இருக்கு. எங்க போடணும்? ரெண்டு எடத்துலயா? எனக்குத் தமிழ்லயும் போட வரும், இங்கிலீஷ்லயும் போட வரும்.

இந்தாங்க.

சரி சார், எப்போ அனுப்புவிய? லோடுமேனுக்குக் குடுக்கிறதைவிட சூப்பர்வைசருக்குக் கூடத்தான இருக்கும்?

என்ன சார் சொல்லுதிய?

புரியல. இன்னொரு தடவ சொல்லுங்க.

தொடக்கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டுத் தானாப் போயித் தொட்டிருக்காவ. அதனால கம்பெனி பொறுப்பில்லைன்னு கம்பெனி சொல்லும். கம்பெனி பொறுப்பில்லைன்னா உங்க ஆபீஸும் குடுக்க வேண்டாம். அப்படியா?

சரி, அப்போ லோடுமேன்னு சொல்லியிருந்தா? லோடுமேன்னா உங்க லிஸ்ட்டுல மூணு பேருதான், அதுல அவுக பேரு இல்ல. அப்படின்னா உங்க ஆபீஸ் குடுக்காது, ஆனா கம்பெனி கையிலேருந்து குடுத்தே ஆகணும். அதான? நீங்க தலையை ஆட்டுதிய. இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம்லா சார்?

நீங்க சொல்லக்கூடாதா. கேக்க மட்டும்தான் வந்தியளா.

அப்போ எங்க வீட்டுக்காரவுக எந்த லிஸ்ட்டுல சார் இருக்காவ?

இருங்க. கூப்பிடுதாவ. நாலு நாளைக்குப் பெறவு இன்னைக்குத்தான் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுதாவ. ஒரு நிமிஷம் இருங்க, போயிராதிய.

...

சார்.

இல்ல, தண்ணி எல்லாம் வேண்டாம். நிக்கேன்.

அவுக எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காவ. ஒரு விஷயம் சொன்னாவ. ரெண்டரை மாசமா என்கிட்ட சொல்லல. சொன்னா நான் தாங்க மாட்டேன்னு சொல்லல.

பேல் விழும்போது அவுக பனியன்லதான் இருந்திருக்காவ. கடப்பாரையைக் கையில குடுத்து, "சாயுற அடுக்கைப் பின்னாலேருந்து நெம்பித் தள்ளு, லாரி காத்துக்கிட்டு நிக்கு"ன்னு சொன்னது மேனேஜர்தான். விழுந்ததும் நினைவு போகல. எல்லாம் காதுல கேட்டிருக்கு. கொம்பையா ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போயிருக்கான். மேனேஜர் அவன் போனைப் பிடுங்கியிருக்காரு. "முதல்ல சட்டை எங்க, சட்டையைப் போடுங்கடா"ன்னு கத்தியிருக்காரு. ரெண்டு பேரு தூக்கிப் பிடிச்சிருக்காங்க, ஒருத்தன் பனியனைக் கத்தியால அறுத்து எடுத்திருக்கான். இடுப்பு நொறுங்குன மனுசனைத் தூக்கி உக்கார வச்சுக் கையை நுழைச்சு, ஒவ்வொரு பட்டனா... அவுக கத்துன கத்தல் ரோடு வரைக்கும் கேட்டுதாம். ஸ்டோர் ரூம் சாவி யார்கிட்டன்னு தேடியிருக்காங்க, ஹெல்மெட்டு எடுக்க. ஒருத்தன் மஞ்சப் பெயிண்டைக் கொண்டுவந்து தரையில கோடு இழுத்திருக்கான். அங்கன அதுக்கு முந்தி கோடே கிடையாதாம் சார். கோடு காயுறதுக்கு முந்தி போட்டோ எடுத்திருக்காங்க. அதுக்குப் பெறவுதான் ஆம்புலன்ஸ்.

அரை மணி நேரம்.

நான் ரயில்வே கேட்டுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்.

சார், அந்தத் தாளைக் குடுங்க. கிழிக்க மாட்டேன், குடுங்க. நான் சொன்னது தப்பு. மாத்தி எழுதுவோம். பனியன் ஒண்ணா ரெண்டா, பரண்ல எட்டு பனியன் கிடக்கு, எடுத்துப் போடுதேன், ஒவ்வொண்ணா பாருங்க. கொம்பையாவைக் கூப்பிடுதேன். அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டாவது கூட்டிட்டு வாரேன்.

பையில வச்சுப் பூட்டிட்டிய. கையெழுத்துப் போட்டதைத் திருப்பித் தர முடியாது. சரி. அப்போ நான் எங்க போயிச் சொல்லணும்? தொழிலாளர் ஆபீஸ்லயா? எழுத்து மூலமாவா? குடுக்குதேன். நாளைக்கே குடுக்குதேன். அங்கன இந்தத் தாளைக் காட்டி, நீதான கையெழுத்துப் போட்டன்னு கேப்பாங்க. கேக்கட்டும். நான்தான் போட்டேன்னு சொல்லுதேன்.

அது நாளைக்கு.

அவுக கடைசியா ஒண்ணு கேட்டாவ சார். கால் போனதைப் பத்திக் கேக்கல, பணத்தைப் பத்திக் கேக்கல. "லிங்கதுரை இன்னைக்கு எந்த ஷெட்டுல நிக்கான்?"னு கேட்டாவ. எனக்குத் தெரியல. காலையில போகும்போது இன்னைக்கு பேல் வருதுன்னு மட்டும்தான் சொல்லிட்டுப் போனான். நேத்து பெஞ்ச மழை வேற. உள்ளேருந்து இங்க வர்றதுக்குள்ள மூணு தடவ போன் போட்டேன். எடுக்க மாட்டேங்கான். அவுகளுக்கு அடிபட்ட பெறவு, போனையெல்லாம் வாசல்லயே வாங்கி வச்சிருதாங்களாம்.

நீங்க வண்டியில அந்த வழியாத்தான போவிய? என்னைக் கொண்டுபோயி யார்டு வாசல்ல எறக்கி விட்டுருங்க.

ஏன் சார் யோசிக்கிய? என்னை வண்டியில ஏத்திட்டு வந்ததைக் கம்பெனியில பாத்தா உங்களுக்குச் சங்கடம். சரி. அதுவும் வாஸ்தவந்தான். நீங்க போங்க, உங்க வேலையைக் கெடுக்க மாட்டேன். பிருந்தா வந்தா அப்பாவைப் பாத்துக்கிடுவா. நான் நடந்தே போயிருவேன், உப்பளத்து வழியா குறுக்க போனா அரை மணி நேரம்தான்.

ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. இருபத்திரண்டு வருஷத்துல நான் ஒரு தடவகூட அந்தக் கேட்டைத் தாண்டி உள்ள போனதில்ல. உள்ள நுழைஞ்சா மூணாவது ஷெட்டு எந்தப் பக்கம் சார்?